டயப்பர் புண்ணுக்கு உருக்கெண்ணெயா, ஜிங்க் க்ரீமா?

குமரி மாவட்டத்தில் குழந்தையின் தொடை சிவந்தால் பாட்டிமார் எடுப்பது உருக்கெண்ணெய் (தேங்காய்ப்பாலைக் காய்ச்சி எடுக்கும் எண்ணெய்), மருந்துக்கடைக்காரர் தருவது ஜிங்க் ஆக்சைடு க்ரீம்.

செலவு: தேங்காய் வீட்டில் இருந்தால் எண்ணெய்க்குக் காசில்லை, ஆனால் பால் பிழிந்து, கக்கன் (எண்ணெய் பிரிந்தபின் தங்கும் கசடு) சிவக்கும்வரை அடுப்படியில் நிற்கணும். க்ரீம் வாங்கினால் முடிந்தது.

காப்பு: எண்ணெய்ப் படலம் மெல்லியது, சீக்கிரம் போய்விடும். க்ரீமைத் தோல் தெரியாதபடி வெள்ளையாக அப்பினால் ஈரத்தைத் தடுக்கும்.

துடைப்பது: எண்ணெய் சுலபம். க்ரீமை முழுக்கச் சுரண்டக் கூடாது. அழுக்கை மட்டும் எடுத்துவிட்டு மேலேயே பூசலாம்.

லேசான சிவப்புக்கும் தினசரிக் காப்புக்கும் எண்ணெய் போதும். வயிற்றுப்போக்கின்போதும், துணி காயாமல் டயப்பரே கதியாகும் மழை மாதங்களிலும் க்ரீம்தான். எதைப் பூசினாலும் கொஞ்ச நேரம் காற்றாட விடுங்கள். பவுடர் மட்டும் வேண்டாம், மூச்சில் ஏறும்.

தொடை மடிப்புக்குள் அடர்சிவப்பாகி, சுற்றிலும் சின்னப் பொட்டுகள் தெரிந்தால் அது பூஞ்சையாக இருக்கலாம். அதற்கு இரண்டும் உதவாது, பூஞ்சை மருந்து வேண்டும். இரண்டு மூன்று நாளில் குறையாவிட்டாலோ, சீழ், காய்ச்சல் வந்தாலோ டாக்டரிடம் காட்டுங்கள். கடையில் சொல்லும் ஸ்டீராய்டு கலந்த களிம்பை நீங்களாகப் பூசாதீர்கள்.