ஆண்டு அச்சிடாத தந்தையர் தின நாட்காட்டி: ஒரு மதிப்புரை

பல நாடுகளின் தந்தையர் தினங்களை ஒரே இடத்தில் தொகுத்துத் தரும் மேசை நாட்காட்டி ஒன்றைச் சில மாதங்களாகப் பயன்படுத்தி வருகிறேன். மாதத்திற்கு ஒன்றாக 12 தாள்கள் உள்ளன. ஒவ்வொன்றின் முன்பக்கத்தில் தேதிகளும், பின்பக்கத்தில் அந்தந்த நாட்டு வழக்கம் பற்றிய குறிப்பும் இருக்கின்றன. ஆண்டோ கிழமையோ எங்கும் அச்சிடப்படவில்லை என்பதால், ஒருமுறை வாங்கினால் என்றைக்கும் பயன்படும் என்று அட்டையில் உறுதி கூறுகிறார்கள். தாளின் தரத்திலும் அச்சின் தெளிவிலும் எனக்கு எந்தக் குறையும் இல்லை. அட்டையில் உள்ள அந்த உறுதிமொழியோடுதான் எனக்கு வழக்கு.

தேதி மாறாத நாடுகளுக்கு அந்த உறுதிமொழி முழுமையாகப் பொருந்துகிறது. இத்தாலி, ஸ்பெயின், போர்ச்சுகல் ஆகிய நாடுகளில், இயேசுவின் வளர்ப்புத் தந்தையான புனித சூசையப்பரின் திருநாளாகிய மார்ச் 19 அன்றே தந்தையர் தினமும் வருகிறது. தைவானில் ஆகஸ்ட் 8. எட்டாம் மாதத்தின் எட்டாம் நாளை அடுத்தடுத்து உச்சரித்தால் சீன மொழியில் ‘பா பா’ என்று ஒலிக்கும். அது அப்பாவை அழைக்கும் சொல்லை ஒத்திருப்பதே அந்தத் தேதிக்கான காரணம். தாய்லாந்தில் 1927 டிசம்பர் 5 அன்று பிறந்த மன்னர் பூமிபோலின் பிறந்தநாளே தந்தையர் தினம். அவர் பிறந்த கிழமை திங்கள். அந்நாட்டு மரபில் திங்களுக்கு உரிய நிறம் மஞ்சள். ஆகவே அன்று மஞ்சள் உடை. 2016-இல் மன்னர் மறைந்த பிறகும் தேதி மாறவில்லை. இந்த மூன்று தேதிகளையும் இன்னும் முப்பது ஆண்டுகள் கழித்துப் பார்த்தாலும் திருத்த வேண்டியிராது.

மாதத்தின் இத்தனையாவது ஞாயிறு என்று கணக்கிடும் நாடுகளையும் தொகுத்தவர்கள் நன்றாகவே கையாண்டிருக்கிறார்கள். அமெரிக்கா முதலிய பல நாடுகளுக்கு உரிய ஜூன் மூன்றாம் ஞாயிறு 15-ஆம் தேதிக்கும் 21-ஆம் தேதிக்கும் இடையேதான் வர முடியும் என்பதால், அந்த ஏழு கட்டங்களுக்கும் மெல்லிய நிறம் பூசியிருக்கிறார்கள். ஆஸ்திரேலியாவின் செப்டம்பர் முதல் ஞாயிற்றுக்கும், சுவீடன், பின்லாந்து, நார்வே நாடுகளின் நவம்பர் இரண்டாம் ஞாயிற்றுக்கும் இதே ஏற்பாடுதான்.

சிக்கல் தொடங்குவது மே மாதத் தாளில். ஜெர்மனிக்கு மே 29 என்று ஒரே ஒரு கட்டத்தில் குறியிட்டிருக்கிறார்கள். அங்கே தந்தையர் தினம், உயிர்ப்பு ஞாயிற்றுக்கு (ஈஸ்டர்) 39 நாட்கள் கழித்து வரும் விண்ணேற்றத் திருநாளான வியாழக்கிழமையில் அமைகிறது. 2025-இல் அது மே 29 அன்று வந்தது உண்மைதான்; ஆனால் 2026-இல் மே 14, 2027-இல் மே 6. ஓர் ஆண்டின் தேதியை எடுத்து எல்லா ஆண்டுக்கும் பொதுவாக்கிவிட்டார்கள் என்பது இதிலிருந்து தெளிவாகிறது. அன்று பொது விடுமுறை. ஆண்கள் குழுவாகச் சேர்ந்து, இழுவண்டியில் பீர் ஏற்றிக்கொண்டு ஊர்ப்புறம் நடந்து செல்வார்கள் என்று பின்பக்கக் குறிப்பு சுவையாகவே விவரிக்கிறது. இந்தத் தாளை நம்பி ஜெர்மானிய நண்பருக்கு வாழ்த்து அனுப்புபவர், அந்த நடையெல்லாம் முடிந்து வெகுநாள் ஆன பிறகே அனுப்பியிருப்பார்.

ஈரானில் இமாம் அலியின் பிறந்தநாளான, இஸ்லாமிய நாட்காட்டியின் ரஜப் மாதம் 13-ஆம் நாள் தந்தையர் தினமாகக் கொண்டாடப்படுகிறது. பிறைக் கணக்கு ஆண்டு ஏறத்தாழ 354 நாட்களே கொண்டது என்பதால், அந்த நாள் ஒவ்வோர் ஆண்டும் பத்துப் பதினோரு நாட்கள் முன்னே நகரும். அதையும் ஜனவரிக் கட்டம் ஒன்றில் அடைத்திருக்கிறார்கள். நேபாளத்தின் தந்தையர் தினமான குஷே அவுன்சி என்ற அமாவாசை நாளுக்கும் அதே கதிதான். அமாவாசையை எப்படி ஒரே தேதியில் நிறுத்த முடியும்? செர்பியாவின் தந்தையர் ஞாயிறு கிறிஸ்துமஸுக்கு முந்தைய ஞாயிறு என்று சரியாகச் சொல்லிவிட்டு, டிசம்பர் 25-ஐ மனத்தில் கொண்டு குறியிட்டிருப்பது இன்னொரு பிழை. செர்பியத் திருச்சபைக்குக் கிறிஸ்துமஸ் ஜனவரி 7. ரஷ்யாவுக்கு பிப்ரவரி 23 மட்டுமே தரப்பட்டிருக்கிறது. அது தாயகக் காவலர் நாள். தந்தையருக்கெனத் தனியாக அக்டோபர் மூன்றாம் ஞாயிறு 2021-இல் அறிவிக்கப்பட்டதைத் தொகுத்தவர்கள் கவனிக்கவில்லை.

இவ்வளவு சொன்ன பிறகும் இதை மேசையிலிருந்து அகற்ற எனக்கு மனம் வரவில்லை. அதற்குப் பின்பக்கங்களே காரணம். செர்பியத் தாளை நான் பலமுறை படித்துவிட்டேன். அன்று காலையில் பிள்ளைகள் தந்தையைக் கயிற்றால் கட்டிவிடுவார்கள். பரிசு கொடுத்துத்தான் அவர் கட்டிலிருந்து விடுபட முடியும். அதற்கு இரு வாரங்கள் முன்பு பெரியவர்கள் பிள்ளைகளைக் கட்டுவார்கள், அடுத்த ஞாயிறு பிள்ளைகள் தாயைக் கட்டுவார்கள் என்பதையும் சேர்த்துப் படிக்கும்போது, அப்பாவின் முறை ஏன் கடைசியில் வருகிறது என்று யோசிக்கத் தோன்றுகிறது. பரிசு பெறுவதற்காக அல்லாமல் கொடுப்பதற்காகத் தந்தை காத்திருக்கும் கொண்டாட்டம் இத்தொகுப்பில் இது ஒன்றுதான். நேபாளக் குறிப்பும் அருமை. அந்த நாளுக்கு அங்கே ‘அப்பாவின் முகம் பார்க்கும் நாள்’ என்று பெயர். தந்தை உயிருடன் இருந்தால் இனிப்போடு சென்று அவர் முகத்தைப் பார்க்கிறார்கள், மறைந்திருந்தால் பாக்மதிக் கரையிலுள்ள கோகர்ணேஸ்வரர் கோயிலுக்குச் சென்று சடங்கு செய்கிறார்கள்.

அமெரிக்கத் தாள் மட்டும் பாதிக் கதையோடு நின்றுவிடுகிறது. தாயை இழந்த ஆறு பிள்ளைகளை வளர்த்த தன் தந்தைக்காக சோனோரா ஸ்மார்ட் டாட் எடுத்த முயற்சியால், 1910 ஜூன் 19 அன்று ஸ்போகேன் நகரில் விழா நடந்ததையும், 1972-இல் அது சட்டமானதையும் விரிவாகத் தருகிறது. ஆனால் 1907 டிசம்பரில் மேற்கு வர்ஜீனியாவின் மோனோங்கா சுரங்க வெடிவிபத்தில் 350-க்கும் மேற்பட்டோர் இறந்ததையும், அவர்களில் இருந்த தந்தையரின் நினைவாக அருகிலுள்ள ஃபேர்மாண்ட் தேவாலயத்தில் 1908 ஜூலை 5 அன்று வழிபாடு நடந்ததையும் ஒரு வரியில்கூடக் குறிப்பிடவில்லை. வாழ்த்து அட்டைக்கு ஏற்ற கதையை வைத்துக்கொண்டு துக்கத்தை விட்டுவிட்டார்கள் என்றே எனக்குப் படுகிறது.

ஆகவே, வாசிப்பதற்காக வாங்குபவர்களுக்கு இதைத் தயங்காமல் பரிந்துரைப்பேன். தேதி பார்ப்பதற்காக வாங்குபவர்கள் ஜெர்மனி, ஈரான், நேபாளம், செர்பியா, ரஷ்யா ஆகிய ஐந்தையும் வேறிடத்தில் சரிபார்த்துக்கொள்ள வேண்டும். என் பிரதியில் மே 29-ஐ அடித்துவிட்டு, 14-ஆம் கட்டத்தில் பென்சிலால் ‘இந்த ஆண்டு’ என்று எழுதி வைத்திருக்கிறேன்.