நான்கு குடும்பத்துச் சுவிட்சுகள், ஒரே கூடம்: பல ஆண்டுப் பயன்பாட்டில் தெரிந்தவை

சென்னைக்கு அருகே சிறுசேரியில் ஒரு தரவு மையத்தில் எங்கள் நிறுவனத்தின் ரேக்குகள், அதாவது சர்வர் அடுக்கும் சட்டங்கள், இருக்கின்றன. சர்வர்களை ஒன்றோடொன்று இணைக்கும் நெட்வொர்க் சுவிட்சு என்றால் ஒரே நிறுவனத்திடம் வாங்கி அடுக்குவதுதான் பொதுவான வழக்கம். எங்களுக்கு அந்தக் கொடுப்பினை இல்லை. பழைய கூடத்திலிருந்து கொண்டுவந்தவை, நிர்வாகம் வேறொரு சிறு நிறுவனத்தை வாங்கியபோது கூடவே வந்து சேர்ந்தவை, 2021, 2022 ஆண்டுகளின் சில்லுத் தட்டுப்பாட்டில் எவரிடம் இருப்பு இருந்ததோ அவரிடம் வாங்கியவை என்று நான்கு குடும்பங்கள் ஒரே கூரையின்கீழ் வந்துவிட்டன. சிஸ்கோ நெக்சஸ் 93180ஒய்சி-எஃப்எக்ஸ், அரிஸ்டா 7050எஸ்எக்ஸ்3, ஜூனிபர் கியூஎஃப்எக்ஸ்5120, கியூமுலஸ் லினக்ஸ் என்ற இயங்குதளம் ஓடும் மெலனாக்ஸ் எஸ்என்2010. காப்புப் பிரதி சர்வர்களுக்கென்று தனியாக ஓர் அரிஸ்டா 7280எஸ்ஆர்.

எல்லாவற்றையும் ஒரே குழு, ஏறக்குறைய ஒரே வகைச் சுமையில் இயக்குவதால் ஒப்பிடும் வாய்ப்பு தானாக அமைந்தது. கோளாறுகளைச் சொல்லும் இடங்களில் மட்டும் நிறுவனப் பெயரை விட்டுவிடுகிறேன். கோளாறே வராத பெட்டி என்று எதுவும் எங்களிடம் இல்லை.

விவரத்தாளை முதலில் முடித்துவிடுவோம், அதில் பேச அதிகம் இல்லை. சிஸ்கோ, அரிஸ்டா, ஜூனிபர் மூன்றிலும் சர்வர் பக்கம் 48 போர்ட்டுகள், ஒவ்வொன்றும் 25 ஜி (விநாடிக்கு 25 கிகாபிட்). ரேக்குகளை இணைக்கும் முதுகெலும்புச் சுவிட்சுகளுக்கு மேல்நோக்கிச் செல்லும் 100 ஜி போர்ட்டுகள் சிஸ்கோவில் 6, எங்களிடம் உள்ள மற்ற இரண்டு மாதிரிகளிலும் 8. சர்வர் பக்கம் வரக்கூடியதை மேலே போகக்கூடியதோடு ஒப்பிட்டுக் கணக்குப் போட்டால் சிஸ்கோவில் 2:1, மற்றவற்றில் 1.5:1 என்ற விகிதத்தில் நெரிசல் வரலாம். எங்கள் மேல்நோக்கிய இணைப்புகள் பாதிகூட நிரம்பியதில்லை. அரிஸ்டா, ஜூனிபர் இரண்டு மாதிரிகளுக்குள்ளும் இருப்பது பிராட்காமின் ட்ரைடென்ட் 3 சில்லு. சிஸ்கோ தன் சொந்தச் சில்லையும், மெலனாக்ஸ் தன் ஸ்பெக்ட்ரம் சில்லையும் வைத்திருக்கின்றன. பொட்டலத்தை, அதாவது தரவுத் துண்டை, அனுப்பும் வேகத்தில் இவற்றுக்கிடையே எங்கள் பயன்பாடுகள் உணரும் வித்தியாசம் எதுவும் இல்லை. விற்பனைப் பிரதிநிதிகள் இதற்குத்தான் அதிக நேரம் எடுத்துக்கொள்கிறார்கள்.

வித்தியாசம் தெரியத் தொடங்கிய முதல் இடம் பஃபர், அதாவது நெரிசலில் பொட்டலங்கள் காத்திருக்கும் நினைவகம். ட்ரைடென்ட் 3 சில்லில் மொத்தம் 32 எம்.பி., எங்கள் நெக்சஸில் 40 எம்.பி. இதை எல்லாப் போர்ட்டுகளும் பங்கிட்டுக்கொள்ள வேண்டும். 32 எம்.பி. முழுவதையும் ஒரே 25 ஜி போர்ட்டுக்குக் கொடுத்தால்கூடச் சுமார் 10 மில்லி விநாடி நெரிசலைத்தான் தாங்கும். சேமிப்பு சர்வர்கள் பல ஒரே கேள்விக்கு ஒரே நேரத்தில் பதில் அனுப்பும்போது, எல்லாம் ஒரு போர்ட்டில் வந்து முட்டுகின்றன. ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை எடுக்கும் வரைபடம் அந்தப் போர்ட்டின் பயன்பாடு பத்து சதவீதம் என்று சாதுவாகக் காட்டும். போர்ட்டின் எண்ணிக்கைகளைத் திறந்து பார்த்தால் கைவிடப்பட்ட பொட்டலங்கள் ஏறிக்கொண்டே இருக்கும். பயன்பாட்டுக் குழு ‘நெட்வொர்க் மெதுவாக இருக்கிறது’ என்று புகார் எழுதும், நாங்கள் வரைபடத்தை ஒட்டிப் பதில் எழுதுவோம், இரு தரப்பும் சொல்வது உண்மையாகவே இருக்கும்.

இந்த வாதத்தை முடித்துவைத்தது அரிஸ்டாவின் லான்ஸ் வசதி. போர்ட்டின் வரிசை எப்போது நீண்டது, எவ்வளவு நேரம் நீண்டது என்பதை அது நுண்ணிய கால அளவில் பதிந்து வைக்கிறது. நெக்சஸ் 9000 வரிசையிலும் இத்தகைய திடீர் நெரிசலைக் கண்காணிக்கும் வசதி உண்டு, நாங்கள் அதைப் பின்னர்தான் பயன்படுத்தத் தொடங்கினோம். காப்புப் பிரதிப் போக்குவரத்தை 7280எஸ்ஆருக்கு மாற்றியதும் அந்தப் பிரிவின் புகார்கள் நின்றன. அதில் 4 ஜி.பி. பஃபர் இருக்கிறது, 100 ஜி வழியே வருவதை 10 ஜி போர்ட்டுகளுக்குப் பிரித்துக் கொடுக்கும் வேலைக்கு அது பொருத்தம். ஆனால் எல்லா ரேக்குக்கும் ஆழமான பஃபர் வேண்டும் என்று கேட்பவர்களோடு எனக்கு உடன்பாடு இல்லை. வலைதளச் சர்வருக்குத் தாமதமாக வந்து சேரும் பொட்டலத்தைவிட, விழுந்து உடனே மறுபடி அனுப்பப்படும் பொட்டலமே பல நேரங்களில் நல்லது.

இரண்டாவது இடம், மாற்றம் செய்யும் இரவு. நான்கு குடும்பங்களையும் தரம் பிரிக்க ஒரே ஓர் அளவுகோல்தான் வைத்துக்கொள்ளலாம் என்றால் நான் இதைத்தான் எடுப்பேன். ஜூனிபரில் ‘கமிட் கன்ஃபர்ம்ட்’ என்று கொடுத்தால் மாற்றம் அமலுக்கு வரும். இயல்பாகப் பத்து நிமிடத்துக்குள் மறுபடி உறுதிசெய்யாவிட்டால் தானாகப் பழைய நிலைக்குத் திரும்பிவிடும். தொலைவிலிருந்து வேலை செய்பவருக்கு இதைவிடப் பெரிய தைரியம் இல்லை, தவறான ஒரு வரி நம்மையே வெளியே தள்ளிக் கதவைச் சாத்தினாலும் பத்து நிமிடத்தில் கதவு திறக்கும். முந்தைய 49 நிலைகள் வரை பின்னோக்கிப் போகவும் முடியும். அரிஸ்டாவில் இதற்கு இணையாகத் தனி அமர்வில் மாற்றங்களை எழுதி, வித்தியாசத்தைப் பார்த்துவிட்டு, நேரக்கெடு வைத்து அமலாக்கலாம். நெக்சஸில் செக்பாயின்ட் என்ற அமைவு நகலை எடுத்துவைத்துத் திரும்பும் வழி இருக்கிறது, ஆனால் வரியை அடித்து என்டர் தட்டியதும் அமலாகும் முறைதான் இயல்பானது. எங்கள் குழுவில் நெக்சஸில் வேலை செய்யும்போது மட்டும் இரண்டு பேர் திரையைப் பார்ப்பது என்ற விதி எழுதாமலே உருவாகிவிட்டது.

நெக்சஸின் பலம் வேறு இடத்தில். வேலைக்கு வரும் எந்தப் பொறியாளரும் அதன் கட்டளைகளைப் பார்த்து மிரள்வதில்லை. பாடநூலும் பயிற்சி நிலையமும் சான்றிதழும் அந்த மொழியில்தான் இருக்கின்றன. அரிஸ்டாவின் கட்டளைகளும் அதை ஒத்தவையே. அந்த ஒற்றுமை குறித்தும் காப்புரிமைகள் குறித்தும் சிஸ்கோ 2014 டிசம்பரில் வழக்குத் தொடுத்ததும், 2018இல் அரிஸ்டா 40 கோடி டாலர் கொடுத்துச் சமரசம் செய்துகொண்டதும் தெரிந்த கதை. ஜூனிபரின் இயங்குதளமான ஜூனோஸுக்குப் புதியவர் பழகச் சில வாரங்கள் ஆகும். பழகியவர் திரும்பிப் போக விரும்புவதில்லை.

மென்பொருள் மேம்படுத்தலில் அரிஸ்டாவுக்கு ஓர் எளிமை உண்டு. ஈஓஎஸ் என்ற இயங்குதளத்தின் ஒரே கோப்பு அதன் பல மாதிரிகளுக்கும் பொருந்தும். எந்தப் பெட்டிக்கு எந்தக் கோப்பு என்ற அட்டவணையை நள்ளிரவில் தேட வேண்டியதில்லை. நான்கில் ஒரு குடும்பத்தில், எதுவென்று சொல்லப்போவதில்லை, மேம்படுத்திய சில வாரங்களில் நினைவகம் சிறிது சிறிதாகக் கசிந்து, பொட்டலங்கள் ஒழுங்காகப் போய்க்கொண்டிருக்கையிலேயே கட்டளை முனையம் பதிலளிப்பதை நிறுத்தியது. ஓடுகிறது, ஆனால் பேசாது. ஆதரவுக் குழு அடுத்த பதிப்பில் சரியாகிவிட்டதாகச் சொன்னது, சரியாகியும் விட்டது. அதன்பின் புதிய பதிப்பை முதலில் சோதனை ரேக்கில் ஒரு மாதம் ஓடவிட்டே மற்றவற்றுக்குக் கொண்டுபோகிறோம்.

இந்த நான்கையும் ஒன்றோடொன்று பேசவைத்தது, வழிகளைப் பரிமாறும் நெறிமுறையான பி.ஜி.பி. பெரிய தரவு மையங்களில் அதைப் பயன்படுத்தும் முறையை விவரிக்கும் ஆர்.எஃப்.சி. 7938 என்ற இணையத் தொழில்நுட்ப ஆவணம் வெளிவந்தது 2016இல். ரேக்குக்கு ஓர் ஏ.எஸ். எண் (பி.ஜி.பி.யில் ஒரு வலையமைப்பை அடையாளம் காட்டும் எண்) என்று கொடுத்துவிட்டோம், அடிப்படை இணைப்பில் எந்த நிறுவனமும் எந்த நிறுவனத்தோடும் சண்டையிடவில்லை. அதன்மேல் மெய்நிகர் வலையமைப்புகளை ஓட்டும் வி.எக்ஸ்.லேன், அவற்றின் முகவரிகளைப் பரப்பும் ஈ.வி.பி.என். இரண்டையும் போட்டபோதுதான் சிக்கல்கள் தலைகாட்டின. எந்த வழியை யார் ஏற்கலாம் என்று குறிக்கும் ரூட் டார்கெட்டைத் தானாக உருவாக்கச் சொன்னால் ஏ.எஸ். எண்ணைச் சேர்த்தே உருவாக்கும். ரேக்குக்கு ரேக் ஏ.எஸ். எண் வேறு என்பதால் ஒன்றின் டார்கெட்டை மற்றொன்று ஏற்காது. கையால் எழுதிவிடுவதே நிம்மதி. ஒரு பொட்டலத்தின் உச்ச அளவைக் குறிக்கும் எம்.டி.யு. எண்ணும் அப்படித்தான். நெக்சஸ் உச்சமாக 9216 என்கும், அரிஸ்டா 9214 என்கும், ஜூனிபர் போர்ட் அளவில் ஈதர்நெட் தலைப்பையும் சேர்த்தே எண்ணும். வி.எக்ஸ்.லேன் தன் பங்குக்கு 50 பைட் கேட்கும். பிங் எனும் சிறு சோதனைப் பொட்டலம் போகிறது, பெரிய கோப்பு மட்டும் போகவில்லை என்ற புகார் வந்தால் முதலில் பார்க்க வேண்டிய இடம் இது.

25 ஜி பற்றி வாங்குமுன் யாரும் சொல்லாத இரண்டு விஷயங்கள். ட்ரைடென்ட் 3 சுவிட்சுகளில் சர்வர் போர்ட்டுகள் நான்கு நான்காகக் குழுவாக இருக்கின்றன, ஒரு குழுவில் பாதி 10 ஜி, பாதி 25 ஜி என்று கலக்க முடியாது. பழைய சர்வர்களைப் படிப்படியாக மாற்றுபவர்கள் போர்ட் வரைபடத்தை இதற்கேற்பப் போட்டுக்கொள்ள வேண்டும். அடுத்தது எஃப்.இ.சி. எனும் பிழைதிருத்தம். சர்வரின் அட்டை ஒரு முறையிலும் சுவிட்சு வேறொரு முறையிலும் இருந்தால் இணைப்பு விளக்கு எரியாது. கேபிளை மாற்றுவோம், போர்ட்டில் செருகும் ஒளி இணைப்பியான டிரான்ஸீவரை மாற்றுவோம், ஒன்றும் நடக்காது. ஐந்து மீட்டர் செப்புக் கேபிளுக்கும் குறுந்தொலைவு ஃபைபருக்கும் ஆர்.எஸ். வகை எஃப்.இ.சி. தேவை. இரு பக்கமும் வெளிப்படையாக ஒரே முறையை எழுதிவைத்தபின் இந்தத் தொல்லை ஓய்ந்தது.

காற்றோட்டத் திசையைப் பற்றிப் பேசாத சுவிட்சு மதிப்புரையை நான் நம்புவதில்லை. சர்வரின் நெட்வொர்க் போர்ட்டுகள் பின்புறம் இருப்பதால் எங்கள் ரேக்குகளில் சுவிட்சின் போர்ட்டுகளும் சூடான காற்று வெளியேறும் வெப்ப வரிசையைப் பார்த்தே இருக்கின்றன. ஆகவே காற்று மின்வழங்கிப் பக்கம் நுழைந்து போர்ட் பக்கம் வெளியேற வேண்டும். நெக்சஸில் இதற்கு நீல நிறக் கைப்பிடி, எதிர்த்திசைக்கு அடர்சிவப்பு. ஜூனிபர் இத்திசைகளை ஆர்டர் எண்ணில் ஏ.எஃப்.ஓ., ஏ.எஃப்.ஐ. என்று பிரிக்கிறது. பழுதுக்கு மாற்றாக ஒருமுறை வந்த பெட்டியில் விசிறிகள் எதிர்த்திசையில் இருந்தன. பழைய பெட்டியின் விசிறிகளைக் கழற்றிப் பொருத்தி ஓட்டினோம். அன்று முதல் மாற்றுப் பெட்டிக்குக் கோரிக்கை எழுதும்போது திசையையும் எழுதுகிறோம்.

மாற்றுப் பெட்டி பற்றி இன்னொன்று. இன்டெல் ஆட்டம் சி2000 செயலியில் கடிகாரக் குறை இருப்பது 2017இல் வெளிவந்தபோது பல நிறுவனங்களின் சாதனங்கள் அந்தப் பட்டியலில் இருந்தன. ஒன்றரை ஆண்டுக்குப்பின் எப்போது வேண்டுமானாலும் செயலிழக்கலாம், செயலிழந்தால் மறுபடி துவங்காது. ஒப்பந்தத்தில் நான்கு மணி நேரம் என்று அச்சிட்டிருந்தாலும், கூடத்திலேயே குடும்பத்துக்கு ஒரு பெட்டி அட்டை பிரிக்காமல் இருக்க வேண்டும் என்று நான் அடம்பிடிப்பது இதனால்தான். நான்கு குடும்பம் என்றால் நான்கு உதிரிப் பெட்டி. பலவகை வைத்திருப்பதன் உண்மையான செலவு அங்கேதான் இருக்கிறது.

எஸ்என்2010 மீது எனக்குத் தனிப் பிரியம். அரை அகலப் பெட்டி, ஒரு யு (ரேக்கில் ஒரு தட்டு உயரம்) இடத்தில் இரண்டைப் பக்கத்தில் பக்கமாக வைக்கலாம். 18 போர்ட்டுகள் 25 ஜி, 4 போர்ட்டுகள் 100 ஜி, சிறிய சேமிப்புத் தொகுதிக்கு அளவெடுத்துத் தைத்த சட்டை. லினக்ஸ் என்பதால் சர்வர் குழுவினர் எங்களைக் கேட்காமலே தங்களுக்குத் தெரிந்த கருவிகளால் அதைப் பார்த்துக்கொள்கிறார்கள். கியூமுலஸின் வரலாறு மட்டும் கொஞ்சம் யோசிக்கவைக்கிறது. 2020இல் மெலனாக்ஸையும் கியூமுலஸையும் என்விடியா வாங்கியது. பின்னர் வந்த பதிப்புகளில் பிராட்காம் சில்லுகளுக்கான ஆதரவு நின்றது. ‘எந்தப் பெட்டியிலும் ஓடும்’ என்று நம்பி வாங்கியவர்கள் வேறு வழி தேட வேண்டியதாயிற்று. அவர்களில் பலர் பார்த்த திசை சோனிக் என்ற திறந்த மூலச் சுவிட்சு இயங்குதளம். மைக்ரோசாஃப்ட் 2016இல் வெளியிட்ட அது 2022 முதல் லினக்ஸ் ஃபவுண்டேஷனின்கீழ் இருக்கிறது. அதைச் சோதனை ரேக்கில் ஓட்டிப் பார்த்தோம். நிரல் எழுதத் தெரிந்த ஆட்கள் போதுமான அளவில் இருந்தால் துணிந்து இறங்கலாம். எங்கள் குழு சிறியது.

டிரான்ஸீவர் செலவு, பெட்டியின் விலையைப் பேரம் பேசி மிச்சம் பிடித்ததை அப்படியே விழுங்கிவிடும். பிற நிறுவன டிரான்ஸீவரை ஏற்க நெக்சஸில் ஒரு கட்டளை போதும், அரிஸ்டாவில் நிறுவனத்திடம் திறவுகோல் கேட்டு வாங்க வேண்டும், கியூமுலஸ் கேள்வியே கேட்காது. செப்புக் கேபிள் எட்டும் தூரத்தில் சர்வர்களை வைத்துக்கொண்டால் இந்தப் பேச்சே பாதி குறைந்துவிடும்.

அடுத்த கொள்முதலுக்கு நான் எழுதிக்கொடுத்திருக்கும் பரிந்துரை இது. ரேக் சுவிட்சுகள் அரிஸ்டா, காரணம் ஒரே மென்பொருள் கோப்பும் நெரிசல் பதிவும். கிளை அலுவலகத்தை இணைக்கும் எல்லையில் இருக்கும் ஜூனிபர் இணை அப்படியே தொடரட்டும், அங்கே தொலைவிலிருந்துதான் அதிகம் வேலை செய்கிறோம். 2025 ஜூலையில் ஹெச்.பி.இ. ஜூனிபரை வாங்கி முடித்துவிட்டதால் அந்த வரிசையின் ஆதரவுக் காலத்தை எழுத்தில் கேட்டிருக்கிறோம். நெக்சஸ் பெட்டிகளை ஆதரவுக் காலம் முடியும்வரை ஓட்டலாம். விற்பனை நின்றபின்னும் வன்பொருளுக்கு ஐந்து ஆண்டு ஆதரவு உண்டு. நிர்வாகம் 400 ஜி முதுகெலும்புக்கும் விலைப்புள்ளி கேட்டிருக்கிறது. பாதிகூட நிரம்பாத 100 ஜி இணைப்புகளின் ஓராண்டு வரைபடத்தை அச்செடுத்து அந்தக் கோப்பின் முதல் பக்கமாகச் செருகியிருக்கிறேன்.