எச்சரிக்கை: மொனாக்கோவில் வாடகை ஃபெராரி ஓட்ட ஆசைப்படுகிறவர்களுக்கு

1,500 யூரோ. நம் ஊர்ப் பணத்தில் ஏறக்குறைய ஒன்றரை லட்சம் ரூபாய். ஒரு சிவப்பு ஃபெராரியில் இருபது நிமிடம் உட்கார்ந்ததற்கு நான் கொடுத்த விலை இது. பணம் போய் இன்றோடு ஒன்பது நாள் ஆகிறது. "உங்கள் புகார் முடித்துவைக்கப்பட்டது" என்று இன்று காலை ஒற்றை வரியில் பதில் வந்தது. அதைப் படித்த சூடு ஆறுவதற்குள் இதை எழுதுகிறேன். மொனாக்கோவுக்கு ஒருநாள் பயணம் போகிறவர்கள் எதையெல்லாம் கவனிக்க வேண்டும் என்று கடைசியில் விரிவாகச் சொல்கிறேன். முதலில் நடந்ததைக் கேளுங்கள்.

நாங்கள் நான்கு பேர். திருச்சியில் ஒரே கல்லூரி விடுதியில் இருந்தவர்கள். எனக்கு இங்கே தெற்கு பிரான்சில், சோஃபியா அந்திபோலிஸ் தொழில்நுட்பப் பூங்காவில் வேலை. மற்ற மூவரும் பாரிஸ், லியோன், துலூஸ் என்று ஆளுக்கொரு மூலையில் இருக்கிறார்கள். அவர்களை ஊர்ப் பெயராலேயே குறிப்பிடுகிறேன்; சொந்தப் பெயரைப் போட்டால் அடிக்க வந்துவிடுவார்கள். வார இறுதிக்கு என் வீட்டுக்கு வந்திருந்தார்கள். சனிக்கிழமை காலை ரயில் ஏறினோம். நீஸ் தாண்டியதும் ஒரு பக்கம் மலை, ஒரு பக்கம் கடல். மொனாக்கோவின் ரயில் நிலையம் மலையைக் குடைந்து உள்ளே கட்டப்பட்டது. லிஃப்டில் ஏறி வெளியே வந்தால் கண் கூசுகிற வெயில், கீழே துறைமுகம் முழுக்கப் பணக்காரர்களின் படகுகள்.

அன்று நாங்கள் எவ்வளவு சிக்கனமாக இருந்தோம் என்பதைச் சொல்லியே ஆக வேண்டும். நாடு மொத்தமே இரண்டு சதுர கிலோமீட்டர்தான் என்பதால் எல்லா இடத்துக்கும் நடந்தே போனோம். அரண்மனை வாசலில் 11.55க்குக் காவலர் மாறும் சடங்கு, அது இலவசம். பேராலயத்தில், ஹாலிவுட் நடிகையாக இருந்து இந்த நாட்டின் இளவரசியான கிரேஸ் கெல்லியின் கல்லறை, அதுவும் இலவசம். 1910இல் திறந்த கடலியல் அருங்காட்சியகத்தின் வாசல்வரை போய், டிக்கெட் விலையைப் பார்த்துவிட்டுத் திரும்பினோம். மதியம் துறைமுகத்து பெஞ்சில் உட்கார்ந்து, நான் கட்டிக்கொண்டு போயிருந்த எலுமிச்சைச் சாதத்தைச் சாப்பிட்டோம். பெரிய மிச்சம் பிடித்துவிட்டோமாம்!

சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போதுதான் பாரிஸ்காரன் கைப்பேசியை நீட்டினான். சுற்றுலா அனுபவங்களை விற்கும் ஒரு பெரிய முன்பதிவுத் தளம். "கார்ப் பந்தயப் பாதையில் ஃபெராரி ஓட்டுங்கள், 20 நிமிடம், 119 யூரோ." கிட்டத்தட்ட ஐந்து நட்சத்திரம். காரில் இரண்டே இருக்கை. ஓட்டுபவருக்குப் பக்கத்தில் அவர்களுடைய ஆள் உட்காருவார். ஆளுக்கு முப்பது யூரோ போடுவோம், ஒருவன் ஓட்டட்டும், மற்றவர்கள் படம் எடுக்கட்டும் என்று முடிவானது. சீட்டுக் குலுக்கினோம். என் பெயர் வந்தது. வாழ்க்கையில் எந்தக் குலுக்கலிலும் வராத பெயர்.

வண்டி நின்ற இடத்தில் வெள்ளைச் சட்டை போட்ட ஒருவர் இருந்தார். முப்பத்தைந்து வயது இருக்கும். எங்கிருந்து வருகிறீர்கள் என்று கேட்டார். இந்தியா என்றோம். இந்தியாவில் எங்கே என்றார். தமிழ்நாடு என்று சொன்னதுதான் தாமதம், இரண்டு கையையும் கூப்பி "வணக்கம்!" என்றார். பாண்டிச்சேரியில் இரண்டு வருடம் இருந்தாராம். கடற்கரைச் சாலையில் காந்தி சிலைக்குப் பக்கத்தில் தினமும் மாலை நடப்பாராம். தோசையைப் பற்றிச் சொன்னார். நாங்கள் நால்வரும் அப்படியே உருகிவிட்டோம். வெளிநாட்டில் ஒரு வெள்ளைக்காரர் வாயில் வணக்கம் என்ற சொல் வந்துவிட்டால் நமக்கு மூளை வேலை செய்வதை நிறுத்திவிடுகிறது. துலூஸ்காரன் அவரைக் கட்டிப்பிடித்துப் படமே எடுத்துக்கொண்டான்.

அந்த உருக்கத்தில்தான் எல்லாம் நடந்தது. கையெழுத்துப் போட ஒரு டேப்லெட்டை நீட்டினார். எனக்கு பிரெஞ்சு படிக்கத் தெரியும். ஆனால் வெயிலில் திரை தெரியவில்லை. "எல்லாம் காப்பீட்டுச் சம்பிரதாயம்தான்" என்று அவரே விரலால் தள்ளித் தள்ளிக் கடைசிப் பக்கத்துக்குக் கொண்டுவந்தார். பிறகு கார்டு இயந்திரம். 1,500 யூரோ என்று காட்டியது. நான் தயங்கினேன். "எடுக்கமாட்டோம், பிடித்துவைப்போம், அவ்வளவுதான். வண்டி திரும்பியதும் விடுவித்துவிடுவோம்" என்றார். ரகசிய எண்ணை அழுத்தினேன். வண்டியைச் சுற்றி வந்து தன் கைப்பேசியில் வீடியோ எடுத்துக்கொண்டார். நாமும் எடுக்கலாமா என்று லியோன்காரன் கேட்டான். "என்னிடம் இருக்கிறதே, அனுப்புகிறேன்" என்றார். பாண்டிச்சேரியில் இரண்டு வருடம் இருந்தவர் ஆயிற்றே. சரி என்றோம்.

ஓட்டியதைப் பற்றிச் சொல்ல அதிகமில்லை. மொனாக்கோ கிராண்ட் பிரி என்ற புகழ்பெற்ற கார்ப் பந்தயம் 1929இல் முதன்முதலாக நடந்த தெருக்கள்தான். சுற்று ஒன்றுக்கு 3.337 கிலோமீட்டர், பந்தயத்தில் 78 சுற்று. நான் போனது ஒரு நகரப் பேருந்தின் பின்னால். சூதாட்ட மாளிகைச் சதுக்கத்தில் ஆட்கள் படம் எடுத்தார்கள். அந்தச் சில விநாடிகள் சுகமாகத்தான் இருந்தது என்பதை மறைக்கவில்லை. அங்கிருந்து இறங்கினால் பந்தயக் கார்களே ஊர்ந்து திரும்பும் அந்தப் புகழ்பெற்ற கொண்டை ஊசி வளைவு. கொல்லிமலையின் எழுபது கொண்டை ஊசி வளைவுகளிலும் அப்பாவின் பழைய காரை ஓட்டிப் பழகியவன் நான். நடைபாதைக் கல்லில் உரசினால் ஸ்டீயரிங்கில் தெரியும், காதில் கேட்கும். எதுவும் உரசவில்லை. பக்கத்தில் இருந்த அவரும் வாயைத் திறக்கவில்லை. சுரங்கப் பாதை, துறைமுகம், முடிந்தது.

இறங்கினேன். அவர் வண்டியைச் சுற்றிப் பார்க்கவில்லை. முன்பக்கம் பார்க்கவில்லை, கதவைப் பார்க்கவில்லை. நேராக வலது முன்சக்கரத்துக்குப் போய்க் குந்தி உட்கார்ந்தார். அதுதான் எனக்கு இன்றும் தூக்கத்தில் வருகிறது. நேராக அங்கே போனார்! "அடடா" என்று தலையில் கை வைத்தார். ரிம்மில் விரல் நீளத்துக்கு ஒரு சிராய்ப்பு.

இதுவரை 'அவர்' என்று எழுதினேன். இனி என்னால் முடியாது.

கத்தினோம். அவன் கத்தவே இல்லை. மிகவும் வருத்தமாக இருப்பதுபோல முகத்தை வைத்துக்கொண்டு, நான் படிக்காமல் கையெழுத்துப் போட்ட பக்கத்தைத் திறந்து காட்டினான். டயர், ரிம், கண்ணாடி, வண்டியின் அடிப்பகுதி எதற்கும் காப்பீடு கிடையாது. புறப்படுமுன் எடுத்த வீடியோவைக் கேட்டேன். அலுவலகம் அனுப்பும் என்றான். "கவலைப்படாதீர்கள், எங்கள் மெக்கானிக் பார்த்துச் சின்னத் தொகைதான் போடுவார்" என்றான். அதையும் நம்பி ரயில் ஏறினேன்.

மூன்றாம் நாள், பிடித்துவைத்திருந்த 1,500 யூரோவும் பற்றாகிவிட்டது. ஒரு யூரோகூடக் குறையாமல்.

அதன் பிறகு நடந்ததெல்லாம் பந்தாட்டம். முதல் மின்னஞ்சலுக்கு, தொழில்நுட்பப் பிரிவு பரிசீலிக்கிறது என்று பதில். இரண்டாவதில் பழுது பார்த்த ரசீதைக் கேட்டேன். வெறும் மதிப்பீட்டுத் தாள் ஒன்றை அனுப்பினார்கள், அதில் தொகை மிகச் சரியாக 1,500. வீடியோவை மூன்று முறை கேட்ட பிறகு அனுப்பினார்கள். இடது பக்கம், பின்பக்கம், முன்பக்கம் எல்லாம் இருக்கிறது. வலது பக்கம் வருவதற்குள் முடிந்துவிடுகிறது. தொலைபேசியில் அழைத்தால் முதலாளி விடுமுறையில் இருக்கிறாராம். நுகர்வோர் சட்டத்தைக் குறிப்பிட்டு எழுதினேன். வாடகை நடந்தது மொனாக்கோவில், அது ஐரோப்பிய ஒன்றியத்தில் இல்லை என்று பாடம் நடத்தினார்கள். ரசீதில் இருப்பதோ பிரான்ஸ் முகவரி! அந்த ஊரில் ஒரு தெருவைக் கடந்தால் பிரான்ஸ் வந்துவிடும். அதை இவ்வளவு வசதியாகப் பயன்படுத்தலாம் என்று எனக்குத் தெரியாமல் போயிற்று.

முன்பதிவுத் தளம் சொன்னது: நாங்கள் 119 யூரோவுக்கு மட்டுமே பொறுப்பு, பிணைத்தொகை உங்களுக்கும் அவர்களுக்கும் இடையிலானது. என் வங்கி சொன்னது: ரகசிய எண்ணை நீங்களே அழுத்தியிருக்கிறீர்கள், எனவே இது மோசடி ஆகாது. பாண்டிச்சேரிக்காரன்? முதல் இரண்டு செய்திகளைப் படித்தான். மூன்றாவதுக்குள் அவன் முகப்படம் மறைந்துவிட்டது, என்னைத் தடுத்துவிட்டான்.

புறப்படுமுன் லியோன்காரன் எடுத்த ஒரு படம் இருக்கிறது. நேரம் மதியம் 2.11. நான் வண்டியில் சாய்ந்து நாயகன்போலச் சிரித்துக்கொண்டு நிற்கிறேன். வலது முன்சக்கரம் தெரிகிறது. பாதிதான் தெரிகிறது. சிராய்ப்பு இருக்க வேண்டிய மறுபாதியை என் கால் மறைத்திருக்கிறது.

பிறகுதான் தளத்தில் ஒற்றை நட்சத்திர விமர்சனங்களை மட்டும் பிரித்துப் படித்தேன். ஜெர்மன் மொழியில் ஒருவர், இத்தாலிய மொழியில் இருவர். மொழிபெயர்த்துப் பார்த்தால் மூவருக்கும் அதே வலது முன்சக்கரம். ஐந்து நட்சத்திரக் கூட்டத்தில் இவர்கள் அடியில் கிடக்கிறார்கள். இத்தாலியர் ஒருவரிடம் அவன் இத்தாலியின் நேப்பிள்சில் தனக்கு ஒரு பாட்டி உண்டு என்று சொன்னானாம்.

மொனாக்கோக் குடிமக்கள் தங்கள் ஊர்ச் சூதாட்ட மாளிகையில் ஆடக் கூடாதென்று சட்டம் இருக்கிறது. அந்த ஊர்க்காரர்களுக்கு விவரம் தெரிந்திருக்கிறது.

விரிவாகச் சொல்வதாக எழுதியிருந்தேன். இப்போது அதற்கான பொறுமை இல்லை. வண்டியை, குறிப்பாக நான்கு ரிம்களையும், உங்கள் கைப்பேசியில் நீங்களே வீடியோ எடுங்கள். விடமாட்டேன் என்றால் அங்கேயே திரும்பிவிடுங்கள். பிணைத்தொகைக்கு டெபிட் கார்டு கொடுக்காதீர்கள், நான் கொடுத்தது அதுதான். ஒப்பந்தத்தை நிழலில் நின்று படியுங்கள். ஒற்றை நட்சத்திரத்தை முதலில் படியுங்கள். யாராவது வணக்கம் சொன்னால் பதிலுக்கு வணக்கம் மட்டும் சொல்லுங்கள்.

1,500ஐ நான்கால் வகுத்தால் 375. பாரிஸ்காரன் நேற்று இரவு கேட்காமலே 375 யூரோ அனுப்பிவிட்டான். லியோன்காரன் சம்பளம் வந்ததும் தருவதாகச் சொல்லியிருக்கிறான். துலூஸ்காரன் இன்னும் வாயைத் திறக்கவில்லை. பாண்டிச்சேரிக்காரனைக் கட்டிப்பிடித்து எடுத்த படத்தை மட்டும் தன் பக்கத்திலிருந்து நீக்கியிருக்கிறான்.