கெர்ரீயாவா, கெரீயாவா, கிசியேராவா? ஸ்பானிஷ் கண்டிஷனலும் அதன் போட்டியாளர்களும்

ஸ்பானிஷ் படிக்கிறவர்கள் கண்டிஷனல் (பணிவாகக் கேட்கவும், 'இருந்தால் செய்வேன்' என்று கற்பனையாகச் சொல்லவும் வரும் வினை வடிவம்) என்ற பெயரைக் கேட்டதும் மிரள்வதற்குக் காரணமே இல்லை. அந்த மொழியில் இவ்வளவு சுலபமாக அமையும் வினை வடிவங்கள் குறைவு. அகராதியில் இருக்கும் வினையை எதையும் வெட்டாமல் அப்படியே எடுத்து, பின்னால் ஈயா, ஈயாஸ், ஈயா, ஈயாமோஸ், ஈயாயிஸ், ஈயான் என்று ஆளுக்குத் தகுந்த விகுதியை ஒட்டினால் போதும். ஆப்லார் (பேசுவது) ஆப்லரீயா ஆகும், கொமேர் (சாப்பிடுவது) கொமெரீயா ஆகும், பிபீர் (வாழ்வது) பிபிரீயா ஆகும். மூன்று குடும்பத்துக்கும் ஒரே விகுதிதான்.

அடி மாறுகிற வினைகள் 12 இருக்கின்றன. தெனேர் தெந்த்ரீயா, பெனீர் பெந்த்ரீயா, பொதேர் பொத்ரீயா, அசேர் அரீயா, தெசீர் திரீயா என்று போகும். எதிர்காலம் படித்தவருக்கு இந்த 12-ம் ஏற்கெனவே தெரிந்தவை, ஏனென்றால் இரண்டும் ஒரே வழியில் பிறந்தவை: மூல வினையோடு அபேர் என்ற துணைவினையின் நிகழ்கால வடிவம் ஒட்டி எதிர்காலமானது, அதே துணைவினையின் இறந்தகால வடிவம் ஒட்டிக் கண்டிஷனலானது. பழைய காஸ்தீலிய மொழியில், அதாவது ஸ்பானிஷின் பழைய வடிவத்தில், இந்த இரண்டு துண்டுகளுக்கும் நடுவில் 'அதை', 'உனக்கு' போன்ற சொற்களைச் செருகவும் முடிந்தது.

சரி, உருவாக்குவது இவ்வளவுதான். உண்மையான வேலை, எந்த இடத்தில் இதைப் போடுவது, எந்த இடத்தில் வேறொன்றுக்கு வழிவிடுவது என்பதில் இருக்கிறது. நிறையப் பாடப்புத்தகங்கள் கண்டிஷனலைத் தனி அத்தியாயமாக வைத்து முடித்துவிடுகின்றன, அதனால் பக்கத்தில் யார் யார் நிற்கிறார்கள் என்பதே படிப்பவருக்குத் தெரியாமல் போகிறது.

கடையில் ஒன்று கேட்கும்போது

'எனக்கு ஒரு காபி வேண்டும்' என்பதற்கு ஸ்பானிஷில் குறைந்தது நான்கு வழி. கியேரோ என்பது நேரடி நிகழ்காலம். கெரீயா என்பது இம்பர்ஃபெக்ட், அதாவது இறந்தகாலத்தைப் பணிவுக்குக் கடன் வாங்குவது. கெர்ரீயா என்பது அசல் கண்டிஷனல். கிசியேரா என்பது சப்ஜங்டிவின், அதாவது விருப்பம், சந்தேகம், கற்பனை சொல்லும் வினை வகையின், இறந்தகால வடிவம்.

இலக்கண அட்டவணையைப் பார்த்தால் கெர்ரீயாதான் ஜெயிக்க வேண்டும். பேச்சில் அது அரிதாகத்தான் வருகிறது. கெரீயாவுக்கும் அதற்கும் நடுவில் ஒரு உருட்டல் 'ர்' மட்டுமே வித்தியாசம், அது காதில் சரியாக விழாவிட்டால் இரண்டும் ஒன்றுதான். ஸ்பெயினில் கடைகளில் கெரீயா சகஜம். லத்தீன் அமெரிக்காவில் பணிவாகக் கேட்க கிசியேரா பரவலாக ஓடுகிறது, ஸ்பெயினில் அதுவே கொஞ்சம் சம்பிரதாயமாகத் தொனிக்கும், ஆனால் எங்கும் தவறில்லை. கியேரோ கெட்ட வார்த்தை ஒன்றும் இல்லை, ஆனாலும் முன்பின் தெரியாதவரிடம் அதையே சொல்லிக்கொண்டிருந்தால் அதிகாரமாகக் கேட்கும்.

கிசியேரா எப்படி இங்கே நுழைந்தது என்று கேட்டால், 'ரா' என்று முடியும் அந்த வடிவம் லத்தீனில் சப்ஜங்டிவே இல்லை, 'செய்திருந்தேன்' என்ற பொருளில் வந்த சாதாரண வினைமுற்று. பிற்காலத்தில்தான் சப்ஜங்டிவ் பக்கம் போனது. அந்தப் பழைய வாழ்க்கையின் மிச்சம்தான் கிசியேரா, தெபியேரா, புதியேரா ஆகிய மூன்றும் இன்றும் கண்டிஷனலுக்குப் பதிலாக நிற்பது. 'சே' என்று முடியும் அதன் ஜோடி வடிவத்துக்கு இந்தச் சலுகை கிடையாது, கிசியேசே என்று சொல்லிக் காபி கேட்க முடியாது.

என் தேர்வு: கிசியேராவை ஒரு சொல்லாக மனப்பாடம் செய்துகொள்ளுங்கள், கெர்ரீயாவை மறந்துவிடுங்கள். கண்டிஷனலைப் பழக வேண்டுமென்றால் மே குஸ்தரீயா (எனக்குப் பிடிக்கும், செய்ய ஆசை), பொத்ரீயாஸ் (உன்னால் முடியுமா) இரண்டையும் நாள் முழுக்கப் பயன்படுத்துங்கள். இங்கே கண்டிஷனலை அசைக்க ஆள் இல்லை. 'நீ மருத்துவரைப் பார்க்கலாமே' என்பதற்கும் தெபெரீயாஸ்தான் நல்லது, தெபேஸ் என்றால் கட்டளை மாதிரி ஆகிவிடும்.

'இருந்தால்' என்னும் இடம்

தமிழ் பேசுகிறவர்கள் அதிகம் தடுமாறுவது இங்கேதான். 'பணம் இருந்தால் வீடு வாங்குவேன்' என்று நாம் சொல்லும்போது, பணம் வர வாய்ப்பு இருக்கிறதா, வெறும் கற்பனையா என்பதை வாக்கியம் சொல்வதில்லை, சூழ்நிலை சொல்லிவிடுகிறது. ஸ்பானிஷ் அப்படி விடாது. வாய்ப்பு இருக்கிறது என்றால் 'சி தெங்கோ தினேரோ, கொம்ப்ரரே ஊனா காஸா', நிகழ்காலமும் எதிர்காலமும். கற்பனை என்றால் 'சி துபியேரா தினேரோ, கொம்ப்ரரீயா ஊனா காஸா'. 'சி' இருக்கும் பாதியில் சப்ஜங்டிவ், விளைவு சொல்லும் பாதியில் கண்டிஷனல். வாயைத் திறப்பதற்கு முன்பே இது நடக்கக்கூடியதா என்று முடிவு செய்தாக வேண்டும், இலக்கணத்தைவிட இந்தப் பழக்கம் வருவதற்குத்தான் நாளாகும்.

இரண்டு பாதியிலும் கண்டிஷனலே போட்டு 'சி தெந்த்ரீயா தினேரோ' என்றால் என்ன? திருத்தமான ஸ்பானிஷில் அது தவறு. ஆனால் வட ஸ்பெயினில், பாஸ்க் நாடு, நவார்ரா, லா ரியோகா, புர்கோஸ் பக்கமெல்லாம், அந்த மண்ணிலேயே பிறந்தவர்கள் இப்படித்தான் பேசுகிறார்கள். கேட்டால் அவர்களைத் திருத்தப் போக வேண்டாம், நீங்கள் எழுதும்போது போடவும் வேண்டாம். ஒரே ஒரு விலக்கு: 'சி' என்பது நிபந்தனையாக இல்லாமல் 'வருவாரா என்று தெரியவில்லை' மாதிரி கேள்வியாக வந்தால், 'நோ சே சி பெந்த்ரீயா' முழுக்கச் சரி.

மறுபாதியிலும் ஒரு போட்டி உண்டு. ஸ்பெயின் பேச்சில் கொம்ப்ரரீயா இருக்க வேண்டிய இடத்தில் இம்பர்ஃபெக்ட் வந்து உட்கார்ந்துவிடும்: 'சி துபியேரா தினேரோ, மே கொம்ப்ராபா ஊனா மோதோ.' நண்பர்களுக்குள் இது உயிரோட்டமாக இருக்கும், 'கையில காசு இருந்தா இப்பவே வாங்கிடுவேன்' என்கிற வேகம் அதில் தெரியும். விண்ணப்பத்திலோ தேர்வுத்தாளிலோ எழுதாதீர்கள்.

நடக்காமல் போன பழைய விஷயத்துக்கு நிலைமை நமக்குச் சாதகம். 'பணம் இருந்திருந்தால் வாங்கியிருப்பேன்' என்பதைப் போலவே ஸ்பானிஷும் இரண்டு பாதியிலும் துணைவினை போடும். விளைவுப் பாதியில் 'அப்ரீயா கொம்ப்ராதோ' என்ற கண்டிஷனலும் வரலாம், 'உபியேரா கொம்ப்ராதோ' என்ற சப்ஜங்டிவும் வரலாம், இரண்டும் சரி. ஒரே 'உபியேரா'வை இரண்டு பக்கமும் போடலாம் என்பதால் அவசரத்தில் அதுவே வாய்க்குச் சுலபம். ஆனால் படிக்கிற காலத்தில் அப்ரீயாவையே பிடித்துக்கொள்வது நல்லது, எது நிபந்தனை, எது விளைவு என்பது மனதில் பிரிந்து நிற்கும்.

சொன்னதைச் சொல்லும்போது

தமிழில் 'வருவேன் என்று சொன்னான்' என்றால் அவன் சொன்ன வினை மாறாமல் நிற்கும். ஸ்பானிஷில் சொன்ன காலத்துக்கு ஏற்ப அது நகர வேண்டும்: 'தீஹோ கே பெந்த்ரீயா'. இறந்தகாலத்தில் நின்று பார்த்த எதிர்காலம் என்று இதைப் புரிந்துகொள்ளலாம். வெனிசுவேலாவில் பிறந்த அந்த்ரேஸ் பேயோ 1847-ல் வெளியிட்ட தன் இலக்கணத்தில் இதற்குப் 'பொஸ்ப்ரெதேரிதோ', அதாவது இறந்தகாலத்துக்குப் பிந்தியது, என்று பெயர் வைத்தார். மெக்ஸிகோ பள்ளிகளில் இன்றும் அந்தப் பெயர் வழங்குகிறது. என்னைக் கேட்டால் கண்டிஷனல் என்பதைவிட அதுதான் பொருத்தம், ஏனென்றால் இந்தப் பயன்பாட்டில் நிபந்தனையே கிடையாது.

போட்டிக்கு 'ஈபா அ பெனீர்' ('வரப்போகிறான்' என்பதன் இறந்தகால வடிவம்) இருக்கிறது, பேச்சில் அதுதான் அதிகம். இன்னும் வராதவர், நாளைக்கு வரப்போகிறவர் என்றால் 'தீஹோ கே பெந்த்ரா' என்று எதிர்காலத்தையே விட்டுவிடலாம். பெந்த்ரீயா என்று சொன்னால் வந்தாரா இல்லையா என்பது திறந்தே நிற்கும்.

ஊகமும் வதந்தியும்

ஊகத்தில் தமிழர்களுக்குச் சிரமமே இருக்காது. 'மணி எட்டு இருக்கும்' என்று நாம் எதிர்கால வடிவத்தில் ஊகிப்பதுபோல அவர்கள் 'செரான் லாஸ் ஓச்சோ' என்பார்கள். 'அப்போது மணி எட்டு இருக்கும்' என்று பழையதை ஊகித்தால் 'செரீயான் லாஸ் ஓச்சோ'. உறுதியாகத் தெரிந்தால் 'ஏரான் லாஸ் ஓச்சோ'.

இதிலிருந்து கிளைத்ததுதான் செய்தித்தாள் கண்டிஷனல். 'எல் மினிஸ்த்ரோ அப்ரீயா ரெனுன்சியாதோ' என்று தலைப்பு வந்தால், அமைச்சர் பதவி விலகியதாகச் சொல்லப்படுகிறது, இன்னும் உறுதியாகவில்லை என்று பொருள். லத்தீன் அமெரிக்கப் பத்திரிகைகளில் இது தாராளமாக வரும். ஸ்பானிஷ் நடைக் கையேடுகள் பல இதை ஏற்பதில்லை, அதற்குப் பதிலாக 'அல் பரெசேர்' (தெரிந்தவரை) போட்டு எழுதச் சொல்கின்றன. அவர்கள் பக்கம்தான் நியாயம் இருக்கிறது, ஏனென்றால் ஒரு விகுதிக்குள் ஒளிந்திருக்கும் சந்தேகத்தை அவசரமாகப் படிக்கிறவர் கவனிக்காமல் உண்மைச் செய்தியாகவே எடுத்துக்கொள்வார். எழுதும்போது 'அல் பரெசேர்' பக்கம் போங்கள், படிக்கும்போது அப்ரீயாவைக் கண்டால் இன்னொரு பத்திரிகையையும் புரட்டிப் பாருங்கள்.