சைட்வைண்டர்: யாரும் கேட்காமல் பிறந்த ஏவுகணை

ஆயுதங்களுக்கு மதிப்புரை எழுதும் வழக்கம் நம்மிடம் இல்லை. ஆனாலும் 1956 முதல் இன்றுவரை புழக்கத்தில் இருக்கும் ஒரு பொருளை, அதை வடிவமைத்த விஞ்ஞானியின் பணியோடு சேர்த்து எடைபோடுவது பயனற்ற வேலை அல்ல. ஒரு விமானத்திலிருந்து இன்னொரு விமானத்தை வீழ்த்த ஏவும், அமெரிக்கக் கடற்படையின் சைட்வைண்டர் ஏவுகணையைத்தான் சொல்கிறேன். கலிஃபோர்னியப் பாலைவனத்தின் சைனா லேக் சோதனை நிலையத்தில், இயற்பியலாளர் வில்லியம் மக்லீன் 1940களின் பிற்பகுதியில் இதைத் தொடங்கியபோது, கடற்படை இப்படியொன்றைக் கேட்டிருக்கவில்லை. நிலையத்தின் கைவசமிருந்த ஆராய்ச்சி நிதியும் சகாக்களின் ஓய்வு நேரமுமே அதற்கு முதலீடாயின.

பொருளின் சிறப்பு அதன் எளிமை. எதிரி விமானத்தின் எஞ்சின் வெப்பத்தைத் தேடிச் செல்லும் கருவியை ஏவுகணையின் மூக்கிலேயே வைத்துவிட்டதால், அதைச் சுமக்கும் விமானத்தில் பெரிய ரேடாரும் சிக்கலான கணிப்பானும் தேவைப்படவில்லை. எனக்கு மிகவும் பிடித்த பகுதி வால் சிறகுகளின் முனையில் இருக்கிறது. அங்கே பொருத்தப்பட்ட, விளிம்பில் பற்கள் வெட்டிய சிறு உலோகச் சக்கரங்கள், எதிர்க்காற்றில் காற்றாடிபோல் வேகமாகச் சுழன்று ஜைரோவாகி (சுழலும் பம்பரம்போல் தன் நிலை மாறாமல் நிற்கும் கருவியாகி), ஏவுகணை தன்னைத்தானே உருட்டிக்கொள்ளாமல் தடுக்கின்றன. மின்சுற்று செய்ய வேண்டிய வேலையைக் காற்றே, அதுவும் செலவில்லாமல், செய்துவிடுகிறது.

குறைகளும் சிறியவை அல்ல. சைட்வைண்டரில் முதலில் பரவலாக வந்த ஏஐஎம்-9பி வகையை எதிரியின் வால்பக்கம் போய்த்தான் ஏவ முடியும். சூரியனையோ வெயிலில் பளபளக்கும் மேகத்தையோ கண்டால் அதன் கவனம் சிதறும். கூர்மையாகத் திரும்பும் விமானத்தைத் தொடர முடியாது. உயரத்தில் நேராகப் பறக்கும் குண்டுவீச்சு விமானத்தை மனதில் வைத்து உருவான ஆயுதம், வியட்நாமின் நெருக்கமான வான்சண்டையில் திணறியதில் வியப்பில்லை. ஏவியவற்றில் பெரும்பாலானவை இலக்கைத் தொடவில்லை.

எளிமைக்கு இன்னொரு விலையும் இருந்தது. 1958இல் தைவான் நீரிணையில் சீன மிக்-17 ஒன்றின் உடலில் வெடிக்காமல் தைத்து நின்ற சைட்வைண்டர், சோவியத் பொறியாளர்களின் கைக்குப் போய், கே-13 என்ற பெயரில் மறுபிறவி எடுத்தது. இந்திய விமானப்படையின் மிக்-21கள் சுமந்தது அதைத்தான். எதிரே பாகிஸ்தானின் சேபர் போர் விமானங்களில் இருந்தது அசல் சைட்வைண்டர்.

1954 முதல் 1967 வரை சைனா லேக்கின் தொழில்நுட்ப இயக்குநராகவும், பிறகு சான் டியேகோவில் கடலடி ஆய்வு மையத்தின் தலைமையிலும் இருந்த மக்லீன், தேவைப் பட்டியலை முதலில் காகிதத்தில் முடிவுசெய்துவிட்டு அதற்கேற்ப ஆயுதம் செய்யச் சொல்லும் கொள்முதல் முறையைத் தொடர்ந்து எதிர்த்தார். வடிவமைப்பவர் பல வழிகளைச் செய்துபார்த்த பின்னரே எது தேவை என்பது தெளிவாகும் என்பது அவர் வாதம். எனக்கு இதில் முழு உடன்பாடு இல்லை. வியட்நாமில் வெளிப்பட்ட குறைகளில் சில, பயன்படுத்தப்போகும் விமானியின் எதிர்காலச் சண்டையை யாராவது முன்கூட்டியே எழுதி வைத்திருந்தால் குறைந்திருக்கக்கூடியவை. ஆனால் அடிப்படை வடிவம் அவரை நியாயப்படுத்துகிறது: இன்றைய ஏஐஎம்-9எக்ஸில் அந்தப் பற்சக்கரங்கள் இல்லை, தேடுகருவியும் முற்றிலும் வேறு, உடலின் விட்டம் மட்டும் அதே 127 மில்லிமீட்டர்.