எல்லாம் வல்ல நாயகன்: எதிரியை வளர்ப்பதா, பொறுப்பைக் கூட்டுவதா?

திருகோணமலையில் இருந்துகொண்டு இராவணனை நாயகனாக வைத்து ஒரு கணினி விளையாட்டை உருவாக்க முனைந்தால், கோணேசர் மலையையே பெயர்க்கத் துணிந்தவனுக்கு எதிரே யாரை நிறுத்துவது என்ற கேள்விதான் முதலில் எழும். எங்கள் சிறு குழுவின் முன் மூன்று வழிகள் இருந்தன. நாயகனுக்கு ஈடாக எதிரிகளை வளர்க்கலாம். அவனுடைய ஆற்றலைக் கதையின் சாக்கில் பறிக்கலாம். அல்லது அவனுடைய ஆற்றலை அப்படியே விட்டுவிட்டு, அவன் காக்க வேண்டியவற்றை எளிதில் சேதமடையக்கூடியவையாக வைக்கலாம். நாங்கள் மூன்றாவதைத் தேர்ந்தோம் என்பதால் என்னிடம் நடுநிலையை எதிர்பார்க்க வேண்டாம்.

ஆற்றலைப் பறிப்பதைப் பற்றி அதிகம் சொல்வதற்கில்லை. 2002இல் வந்த 'மெட்ராய்ட் பிரைம்' விளையாட்டு தொடக்கத்தில் ஒருமுறை அதைச் செய்தது, பொருந்தியது. அதையே இடையிடையே செய்தால் ஆட்டக்காரருக்கு எரிச்சல்தான் மிஞ்சும்.

எதிரிகளை வளர்க்கும் முறைக்கு 2006இன் 'ஒப்லிவியன்' விளையாட்டு நல்ல சான்று. நாயகன் உயர உயர உலகமும் உயர்ந்ததால், வழிப்பறி செய்யும் சாதாரணக் கொள்ளையர்கள்கூட அரிய கண்ணாடிக் கவசம் அணிந்து வந்து நின்றார்கள். ஒரு சூத்திரத்தை எழுதினால் போதும் என்பது இதன் கவர்ச்சி. ஆனால் பலசாலியான நாயகன் ஒரு காவலனை வீழ்த்தப் பல நிமிடங்கள் வெட்டிக்கொண்டிருப்பது, நெல் மூட்டையைத் தடியால் அடிப்பதைப் போலாகிவிடுகிறது.

எங்கள் முடிவைத் தீர்மானித்தது பராமரிப்பு. முதல் வழியில் நாயகனுக்கு ஒரு புதிய ஆற்றலைச் சேர்த்தால், ஒவ்வோர் எதிரியின் உயிரளவையும் (எவ்வளவு அடி தாங்கும் என்ற எண்) தாக்குதலையும் மீண்டும் சோதித்துத் திருத்த வேண்டும். ஆள்பலம் இல்லாத குழுவுக்கு அது முடிவில்லாத வேலை. மூன்றாவது வழியில் ஆற்றல் கூடும்போது ஆபத்தும் தானாகவே கூடுகிறது. கோணேசர் மலையில் இராவணன் வாளால் வெட்டியதாகச் சொல்லப்படும் பிளவான 'இராவணன் வெட்டு' வரும் கட்டத்தில் பொத்தானை அழுத்திப் பிடிக்கும் நேரத்துக்கேற்ப வாள்வீச்சின் வேகம் ஏறும்; முழு வேகத்தில் வெட்டினால் எதிரிகள் மொத்தமாக ஒழிவார்கள், ஆனால் பிளந்த பாறைத் துண்டுகள் கீழே மீன்பிடித்துக்கொண்டிருக்கும் தோணிகள்மேல் விழும். பிறகு பத்துத் தலைகளின் முழக்கத்தைச் சேர்த்தபோது எதிரிகளின் அட்டவணையில் ஓர் எண்ணைக்கூட மாற்றவில்லை. முழக்கத்துக்கு மிரண்ட மான்கள் (இன்று திருகோணமலைக் கோட்டைக்குள் மேய்கின்றனவே, அவைதாம்) வாள்வீச்சின் குறுக்கே ஓடி வந்தன. அதுவே புதிய சிக்கலாக அமைந்தது.

இது புதிய எண்ணமன்று. 2006இல் வந்த 'சூப்பர்மேன் ரிட்டர்ன்ஸ்' விளையாட்டில் நாயகனுக்கு அல்ல, நகரத்துக்கே உயிரளவு இருந்தது. எண்ணம் சரியாக இருந்தும், ஒரே வகைப் பணிகள் திரும்பத் திரும்ப வந்து ஆட்டத்தைச் சலிப்பாக்கின.

காக்கப்படுபவர்கள் அறிவின்றி நெருப்புக்குள் ஓடினால் ஆட்டக்காரரின் கோபம் வடிவமைப்பாளரின் மீதே திரும்பும் என்பது மூன்றாவது வழியின் பெரிய குறை. தோணிகள் விலகிச் செல்லும் விதத்தில்தான் எங்கள் உழைப்பில் பெரும்பகுதி கரைந்தது. எங்களுடையது குறுகிய விளையாட்டு. நெடுநேரம் ஆடும் விளையாட்டிலும் இந்தப் பதற்றம் நிலைக்கும் என்று என்னால் உறுதி கூற இயலாது. அத்தகையதை உருவாக்குவோர், 2011இன் 'ஸ்கைரிம்' செய்ததைப் போல, இடத்துக்கு இடம் எதிரிகளின் வளர்ச்சிக்கு வரம்பு வைத்து முதல் வழியிலேயே செல்வது நல்லது.