குறைந்த விலை டிரெமோலோ பெடல்: வடசென்னை மேடைக்கு எது பொருந்தும்?

ஆடி மாதம் பிறந்துவிட்டால் வியாசர்பாடி, புளியந்தோப்பு, தண்டையார்பேட்டைத் தெருக்களில் அம்மன் கோவில் கூழ் வார்க்கும் விழாக்களுக்காக மெல்லிசை மேடைகள் எழும்பிவிடும். அந்த மேடைகளில் கிடார் வாசிப்பவருக்குப் பெரும்பாலும் தனி ஆம்ப் (ஒலியைப் பெருக்கும் பெட்டி) கிடைப்பதில்லை; கிடாரின் கேபிள் நேராகச் சவுண்டு சர்வீஸ்காரரின் மிக்ஸருக்குப் போய்விடுகிறது. பெரம்பூர், இராயபுரம் பக்கத்துத் தேவாலயப் பாடகர் குழுக்கள் பலவற்றிலும் இதே ஏற்பாடுதான். காலால் மிதித்துக் கிடார் ஒலியைத் துடிக்கவைக்கும் டிரெமோலோ பெடல்களைப் பற்றி வெளிநாடுகளில் எழுதப்படும் மதிப்பீடுகளோ, அறையின் மூலையில் ஒரு வால்வு ஆம்ப் சூடேறிக்கொண்டிருப்பதாக வைத்துக்கொண்டே பேசுகின்றன. அந்த அளவுகோலை அப்படியே எடுத்துக்கொண்டால் நம் ஊரில் பொருந்தாத பெடலுக்குக் காசு போய்ச் சேரும். அதனால் பாஸ் டிஆர்-2, பெரிங்கர் யூடி300, மூவர் டிரெலிகாப்டர், ஜோயோ ஜேஎஃப்-09 ஆகிய நான்கு பெடல்களையும், அவற்றுக்கு மாற்றாகப் பலர் வாங்கும், பல ஒலி மாற்றங்களை ஒரே பெட்டியில் தரும் ஜூம் மல்ட்டி எஃபெக்ட்ஸையும் இங்குள்ள மேடையை மனத்தில் வைத்து ஒப்பிட்டுப் பார்க்கலாம்.

டிரெமோலோ செய்யும் வேலை மிக எளியது. கிடார் ஒலியின் அளவை ஒரே சீரான வேகத்தில் ஏற்றி இறக்குகிறது. சுருதியைத் தொடுவதே இல்லை. கிடாருக்கான எஃபெக்ட்ஸ்களில் மிகப் பழையவற்றுள் இதுவும் ஒன்று. 1940களிலேயே டிஆர்மண்ட் நிறுவனம் இதற்கென ஒரு தனிப் பெட்டியை விற்றது; அமெரிக்க ராக் அண்ட் ரோல் கிடார் கலைஞர் போ டிட்லி அதைத் தன் தாளத்தோடு சேர்த்துப் புகழ்பெறச் செய்தார். 1955இல் ஃபெண்டர் நிறுவனம் டிரெமோலக்ஸ் என்ற ஆம்ப்பில் இதை உள்ளேயே பொருத்தியது. 1960களில் வந்த ஃபெண்டர் ஆம்ப்கள் சிலவற்றில் சிறு விளக்கு ஒன்று மினுங்க, அதன் எதிரே வைத்த ஒளியுணர் மின்தடை ஒலியை ஏற்றி இறக்கியது. இன்றைய மலிவுப் பெடல்களைச் செய்பவர்களில் ஒரு சாரார் அந்த விளக்கு முறையைப் பின்பற்றுகிறார்கள், மறுசாரார் மின்னணுச் சுற்றைக் கொண்டே ஒலியளவைக் கட்டுப்படுத்துகிறார்கள்.

முதலில் டிஆர்-2. 1997இல் வந்து இன்றும் விற்பனையில் இருக்கும் இந்தப் பெடலில் வேகம், ஆழம், அலை வடிவம் என மூன்று குமிழ்கள் உண்டு. மூன்றாவது குமிழைத் திருப்பத் திருப்ப முக்கோண அலை மெல்லச் சதுர அலையாக மாறும். முன்னதில் ஒலி வழுக்கிக்கொண்டு ஏறி இறங்கும், பின்னதில் சுவிட்சைப் போட்டுப் போட்டு அணைத்ததுபோல வெட்டுப்படும். இரும்புத்துண்டு போன்ற இதன் உடல்வாகைப் பற்றிக் குறை சொன்னவரை நான் கண்டதில்லை. ஆனால் பெடலை மிதித்தவுடன் ஒலி குறைந்துவிடுகிறது என்ற புகார் மட்டும் தொடக்கத்திலிருந்தே உண்டு.

இந்தப் புகாரைச் சற்று நின்று பார்க்க வேண்டும், ஏனென்றால் இதில் பாதி பெடலின் குறை, மீதி கணக்கின் விளைவு. உச்ச ஒலியளவை மாற்றாமல் ஆழக் குமிழை முழுவதும் திருப்பினால், முக்கோண அலையில் ஒலியின் சராசரி ஆற்றல் மூன்றில் ஒரு பங்காகிவிடும். அதாவது ஏறத்தாழ 4.8 டெசிபெல் இறக்கம். சதுர அலையில் பாதி நேரம் முழு ஒலி, பாதி நேரம் மௌனம் என்பதால் இறக்கம் 3 டெசிபெல்தான். கேட்பதற்கு மென்மையாக இருக்கும் அலைதான் அதிக ஒலியை விழுங்குகிறது என்பது பலருக்கு வியப்பாக இருக்கலாம். வீட்டில் தனியாக வாசிக்கும்போது இது பொருட்டே இல்லை. கீபோர்டு, ரிதம் பேட், தவில், இரண்டு பாடகர்கள் என்று நிரம்பிய மேடையில், கிடாருக்கென ஒதுக்கப்பட்ட நான்கு வரியில் 5 டெசிபெல் போய்விட்டால் அந்த நான்கு வரியும் கூட்டத்துக்குக் கேட்காது. சவுண்டு சர்வீஸ்காரர் அந்த நேரத்தில் பாடகரின் மைக்கில் கவனமாக இருப்பாரே தவிர மிக்ஸரில் நம் ஒலியளவுக்கான ஃபேடரைத் தேடிக்கொண்டிருக்க மாட்டார். ஆகவே டிஆர்-2 வாங்குபவர் அதன் பின்னால் வைக்க ஒலியளவை ஏற்றித் தரும் ஒரு சிறிய பூஸ்டர் பெடலின் விலையையும் கூட்டிப் பார்த்துக்கொள்வது நல்லது.

பெரிங்கர் யூடி300 இதே மூன்று குமிழ்களோடு, இதே வேலையை, வெகு குறைந்த விலையில் செய்கிறது. ஒரு டிஆர்-2 விலைக்கு இதில் மூன்று, நான்கு வாங்கிவிடலாம். கண்ணை மூடிக்கொண்டு இரண்டையும் கேட்டால் வித்தியாசம் சொல்வது கடினம். வித்தியாசம் கைக்குத்தான் தெரியும். உடல் முழுவதும் பிளாஸ்டிக். பாட்டரி மாற்ற வேண்டுமானால், மிதிப்பலகையின் இரு பக்கத்துக் கீல்களிலும் உள்ள சிறு முளைகளைப் பால்பாயிண்ட் பேனா முனையால் அழுத்தி, பலகையையே கழற்றி எடுக்க வேண்டும். வெளிச்சம் போதாத மேடையோரத்தில், அடுத்த பாட்டு தொடங்கும் முன் இதைச் செய்து முடிப்பது நடக்கிற காரியமில்லை. டிஆர்-2இல் முன்பக்கத்துத் திருகை விரலாலேயே தளர்த்தினால் பலகை திறந்துகொள்ளும். செருப்புக் காலோடு ஓங்கி மிதிப்பவர்களுக்கும் யூடி300 ஏற்றதல்ல.

மூவர் டிரெலிகாப்டர் உள்ளங்கைக்குள் அடங்கும் உலோகப் பெட்டி. விலை மேற்சொன்ன இரண்டுக்கும் இடைப்பட்டது. இது விளக்கு முறையைச் சேர்ந்தது. ஒளியுணர் மின்தடைக்கு ஒரு குணம் உண்டு: வெளிச்சம் பட்டதும் சட்டென விழித்துக்கொள்ளும், வெளிச்சம் போனபின் மெதுவாகத்தான் பழைய நிலைக்குத் திரும்பும். இந்தச் சமனின்மையால் ஒலி ஏறும் விதமும் இறங்கும் விதமும் ஒன்றாக இருப்பதில்லை. கடற்கரையில் அலை வேகமாக வந்து மணலில் சாவகாசமாகப் பின்வாங்குவதுபோன்ற அந்த அசைவைத்தான் பழைய ஆம்ப்களின் இனிமை என்று பலர் சொல்கிறார்கள். வேகம், ஆழம் ஆகியவற்றோடு பயாஸ் என்ற மூன்றாவது குமிழும் உண்டு. அதைக் கொண்டு அசைவின் குணத்தை ஓரளவு மாற்றிக்கொள்ளலாம். கேட்கும் இன்பத்தை மட்டும் வைத்து மதிப்பெண் போட்டால் நான்கில் இதற்கே முதலிடம் தருவேன். பாட்டரிக்கு உள்ளே இடமில்லை என்பதை மட்டும் நினைவில் வைக்க வேண்டும். ஜோயோ ஜேஎஃப்-09 பற்றிச் சொல்ல அதிகம் இல்லை: வேகம், ஆழம் என இரண்டே குமிழ்கள், உறுதியான உலோகப் பெட்டி, எளிய விலை. அலை வடிவத்தை மாற்ற வழியில்லை என்பதால் ஒரே குரலில்தான் பேசும். அந்தக் குரல் பிடித்திருந்தால் போதும்.

டிரெலிகாப்டருக்கும் ஜோயோவுக்கும் உள்ள ஒரு பெருமையாக எல்லோரும் சொல்வது ட்ரூ பைபாஸ். பெடலை அணைத்தால் கிடாரின் சிக்னல் எந்தச் சுற்றையும் தொடாமல் அப்படியே வெளியேறும் என்பது இதன் பொருள். சிக்னல் போவது ஆம்ப்புக்கு என்றால் இது நன்மைதான், ஏனென்றால் கிடார் ஆம்ப்பின் உள்வாய் வழக்கமாக 1 மெகா ஓம் மின்மறுப்பு (சிக்னலுக்குத் தரும் எதிர்ப்பு) கொண்டது. மிக்ஸரின் லைன் உள்வாய் பல மாதிரிகளில் 10 முதல் 50 கிலோ ஓம் வரைதான் இருக்கும். கம்பியின் அதிர்வை மின்சிக்னலாக்கும் கிடாரின் பிக்கப்பை அதில் நேரடியாகச் செருகினால் மேல்ஸ்தாயிப் பளபளப்பு உறிஞ்சப்பட்டு, ஒலி கம்பளியைப் போர்த்திக்கொண்டு விடுகிறது. ட்ரூ பைபாஸ் பெடல் அணைந்திருக்கும்போது நடப்பது இதுவே. டிஆர்-2இலும் யூடி300இலும் பெடல் அணைந்திருந்தாலும் சிக்னலைத் தாங்கி அனுப்பும் ஒரு பஃபர் சுற்று விழித்திருப்பதால், மிக்ஸருக்குப் போகும் ஒலி மங்குவதில்லை. வெளிநாட்டு மதிப்பீடுகளில் குறையாக எழுதப்படும் ஒன்று நம் மேடையில் பெரும் துணையாகிவிடுகிறது. கிடாரை மிக்ஸருக்கு ஏற்றபடி இணைக்கும் டிஐ பாக்ஸ் கொண்டுவரும் சவுண்டு சர்வீஸ் அமைந்தால் இந்த வாதம் வலுவிழக்கும் என்பதையும் சொல்லிவிட வேண்டும். ஆனால் இருக்கிற டிஐ பாக்ஸ் பேஸ் கிடாருக்குப் போய்விடுவதுதான் வழக்கம்.

அடுத்தது வேகத்தைத் தாளத்தோடு பொருத்தும் சிக்கல். கானா மெட்டுகளிலும் திருவிழாப் பாடல்களிலும் திஸ்ர நடை அடிக்கடி வரும். நிமிடத்துக்கு 100 அடி என்ற வேகத்தில் ஓர் அடிக்கு மூன்று துடிப்பு வேண்டுமானால், பெடல் நொடிக்கு 5 முறை ஏறி இறங்க வேண்டும். குமிழைக் கையால் திருப்பி 5.25இல் நிறுத்திவிட்டதாக வைத்துக்கொள்வோம். இரண்டே நொடியில் அரைத்துடிப்பு விலகி, ரிதம் பேட் அடிக்கும் இடத்தில் கிடார் அடங்கியும் அது அடங்கும் இடத்தில் கிடார் எழும்பியும் நிற்கும். ஆழம் குறைவாக, அலை மென்மையாக இருந்தால் இந்த விலகல் காதை உறுத்தாது. சதுர அலையை முழு ஆழத்தில் வைத்தால் கேட்பவர்கள் கிடார்காரருக்குத் தாளம் வரவில்லை என்றே முடிவு கட்டுவார்கள். மேற்சொன்ன நான்கு பெடல்களிலும் காலால் தட்டி வேகத்தை நிர்ணயிக்கும் டாப் டெம்போ கிடையாது. டிசி எலக்ட்ரானிக் பைப்லைன் பெடலில் அது உண்டு. தாளத்தோடு ஒட்டிய வெட்டொலியே வேண்டும் என்பவர்கள் அதைத் தேடலாம்.

இந்த இடத்தில்தான் ஜூம் மல்ட்டி எஃபெக்ட்ஸ் போட்டிக்குள் நுழைகிறது. ஜி1 ஃபோர் போன்ற சிறிய மாதிரியில் டிரெமோலோ, எக்கோ, ரிவெர்ப், ஆம்ப்பின் ஒலியைப் போலவே ஒலிக்கவைக்கும் ஆம்ப் மாடல் எல்லாம் ஒரே பெட்டியில் கிடைக்கின்றன. டாப் டெம்போவும் உண்டு. நான்கு ஏஏ பாட்டரிகளிலேயே ஓடுவதால், ஜெனரேட்டர் மின்சாரத்தின் இரைச்சல் கேபிளில் ஏறும் இடங்களில் அது தனிச் சௌகரியம். ஆம்ப் மாடலோடு மிக்ஸருக்கு அனுப்பும்போது கிடார் ஒரு முழு கிடாராகவும் கேட்கிறது. ஆனால் பாட்டின் நடுவே குனிந்து ஆழத்தைச் சற்றுக் குறைக்க நினைத்தால், சிறிய திரையில் சரியான பக்கத்தைத் தேடிக்கொண்டிருக்க வேண்டியிருக்கும். குமிழைப் பிடித்துத் திருப்பும் தனிப் பெடலின் சுகம் அதில் வராது.

வாங்கும் முன் கடையில் செய்துபார்க்க வேண்டிய சோதனை ஒன்று உண்டு. கிடாரைச் செருகி, ஆம்ப்பின் கெய்னை ஏற்றி, பெடலின் ஆழத்தை முழுதாக வைத்து, அலைக் குமிழ் இருந்தால் அதைச் சதுரப் பக்கம் திருப்பி, கம்பிகளைக் கையால் அடக்கிக்கொண்டு கேட்க வேண்டும். துடிப்பை உருவாக்கும் சுற்றின் மின்னோட்டம் ஒலிப்பாதையில் கசிந்தால் ‘டிக் டிக்’ என்று கடிகாரச் சத்தம் வரும். பாட்டரியில் ஓட்டும்போது அது மறைந்துவிட்டால் குற்றம் மின்வழியுடையது, பெடலுடையதல்ல. மின்வழி என்றதும் மற்றொன்று: இந்தப் பெடல்கள் எல்லாம் உள்முனை நெகட்டிவாக அமைந்த 9 வோல்ட் அடாப்டரைக் கேட்பவை. வீட்டு வைஃபை ரவுட்டரின் அடாப்டரில் 9 வோல்ட் என்று எழுதியிருந்தாலும், அதன் உள்முனை பெரும்பாலும் பாசிட்டிவாக இருக்கும். ஜாக் சரியாகப் பொருந்துகிறது என்பதற்காக அதைச் செருகிவிடக் கூடாது.

காசிமேடு, திருவொற்றியூர், எண்ணூர் பக்கம் குடியிருப்பவர்களுக்கு உப்புக் காற்று தனிக் கவலை. பெடலின் அடித்தகட்டுத் திருகுகள் முதலில் மங்கும், பிறகு ஜாக்கின் உள்வளையம் கறுக்கும், அதற்குப் பின் குமிழைத் திருப்பும்போதெல்லாம் கரகரவென்று மணல் அரைபடும் ஓசை வரும். கான்டாக்ட் கிளீனரைச் சிறிது பீய்ச்சிக் குமிழைச் சில முறை முன்னும் பின்னும் திருப்பினால் பெரும்பாலும் சரியாகிவிடும். டிஆர்-2ஐத் திறந்து பழுது பார்ப்பது எளிது. நெருக்கமாக அடைக்கப்பட்ட டிரெலிகாப்டரின் சின்னஞ்சிறு பலகையில் ஒரு குமிழை மாற்றுவதற்குக் கைதேர்ந்த ஆள் வேண்டும்.

சால்டரிங் பழகியவர்களுக்கு, மின்னணு உதிரிக் கடைகள் நிறைந்த ரிச்சி தெரு இருக்கவே இருக்கிறது. ஒரு எல்இடியையும் ஒளியுணர் மின்தடையையும் முகத்தோடு முகம் வைத்துக் கறுப்புச் சுருங்குகுழாயில் அடைத்துவிட்டால் விளக்கு முறை டிரெமோலோவின் இதயம் தயார். அதைத் துடிக்கவைக்க டிஎல்072 ஐசி ஒன்று போதும். எலெக்ட்ரானிக்ஸ் ஆஸ்திரேலியா என்ற பத்திரிகை 1968இல் வெளியிட்ட ஒரு டிரெமோலோ சுற்றை இன்றும் உலகெங்கும் செய்து பார்க்கிறார்கள். உதிரிகளுக்கு ஆகும் செலவைவிட உலோகப் பெட்டிக்கும் கால் சுவிட்சுக்கும் ஜாக்குகளுக்கும் ஆகும் செலவுதான் அதிகம் என்பதால், காசு மிச்சமாகும் என்று எண்ணி இதில் இறங்க வேண்டாம், ஆசைக்காக இறங்கலாம்.

சொந்த ஆம்ப் வைத்துக்கொண்டு வீட்டிலும் சிறு அறையிலும் வாசிப்பவர் டிரெலிகாப்டரை வாங்கினால் போதும். மிக்ஸரில் நேராகச் செருகும், டிரெமோலோ தனக்குப் பிடிக்குமா என்றே இன்னும் தெரியாத மாணவருக்கு யூடி300 தகும். அதை மிதிப்பதற்குப் பதிலாக மெதுவாக அழுத்தப் பழகிக்கொண்டால் அது நெடுநாள் வரும். பருவம் முழுவதும் கச்சேரிக்குப் போகும் மெல்லிசைக் குழுக்காரர், புதிய டிஆர்-2க்கு முன்னால் ஜூமைத்தான் யோசிக்க வேண்டும். டிரெமோலோவை நான்கு பாட்டில் பயன்படுத்துபவருக்கு மற்ற முப்பது பாட்டுக்கும் அது உதவும். தனிப் பெடல்தான் வேண்டும் என்று அவர் பிடிவாதமாக இருந்தால், பழைய டிஆர்-2 ஒன்றைக் கைமாற்றில் தேடுவதே சரி. ஒலியைக் கரகரப்பாக்கும் டிஸ்டார்ஷன் பெடலுக்குப் பின்னால் டிரெமோலோவையும் அதற்குப் பின்னால் பூஸ்டரையும் வைத்து, கச்சேரி தொடங்கும் முன் சவுண்டு செக்கிலேயே டிரெமோலோவைப் போட்டும் அணைத்தும் இரண்டு ஒலியளவும் சமமாகும்வரை பூஸ்டரைத் திருப்பி வைத்துக்கொள்ள வேண்டும்.